எட்டாவது மாடிக்கு எட்டு எழுத்து

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு மாடி, ஒரே லிஃப்ட். அதை இயக்குகிறவளைப் பெரியவர் சிறியவர் எல்லோரும் லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வயது முப்பத்து நான்கு. பட்டன் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல், அதன் அடியில் தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, நோட்டோடு நூலில் கட்டிய பென்சில். இவ்வளவுதான் அவள் ஆபீஸ். காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள்.

நான் குடியிருப்பின் செயலாளர். எட்டாவது மாடி. முன்கோபக்காரன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், அதை நான் மறுப்பதில்லை.

தொழிற்சாலையில் எனக்குக் காலை ஷிஃப்ட். நாலு மணிக்குத் திரும்பும்போது பசி உயிரை வாங்கும். அதே நேரத்தில்தான் பள்ளிப் பிள்ளைகளும் மூட்டை முடிச்சோடு லிஃப்டுக்குள் அடைவார்கள். ஒருநாள் நானும் அவர்களோடு மாட்டிக்கொண்டேன். கதவு மூடியதும் அக்கா, "யாரு சொல்றது?" என்றாள். பதினோராம் மாடிப் பெண் கையைத் தூக்கினாள். லிஃப்ட் கிளம்பியது. முதல் மாடியைத் தாண்டும்போது ஒரு எழுத்து, இரண்டாவதைத் தாண்டும்போது இன்னொன்று. விளக்கில் எண் மாற மாற ஒரு பெரிய இங்கிலீஷ் வார்த்தை எழுத்து எழுத்தாக மேலே போனது. ஏழாவது மாடியில் மற்ற பிள்ளைகள் கோரஸாக, "தப்பு" என்றார்கள். அக்கா கீழ்த்தளத்துக்கான பட்டனை அழுத்தினாள். லிஃப்ட் என்னையும் என் பசியையும் சேர்த்துக் கீழே கொண்டுபோனது.

சட்டம் அப்படியாம். எத்தனையாவது மாடியோ அத்தனை எழுத்து வார்த்தை. தப்பு விட்டால் கீழிருந்து மறுபடி. மூணாம் மாடிக் குட்டிக்கு இதில் தீராத மனக்குறை. "எனக்கு மட்டும் பூனையும் நாயுமாவே வருது," என்று மூக்கைச் சிந்துவாள். பெரிய வார்த்தை சொல்வதற்காகவே பன்னிரண்டு வரை போய்விட்டு, படியில் இறங்கி வீட்டுக்கு வருவாள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் டியூஷன் கிடையாது. ஆனால் பள்ளியில் சொல்வதெழுதுதல் என்றால் எங்கள் பிள்ளைகள்தான் முன்னால் நிற்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. மூன்று தடவை கீழே போய் வந்தேன் என்பது மட்டும்தான் தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் நோட்டீஸ் எழுதினேன். "லிஃப்டில் விளையாட்டு கூடாது. செயலாளர்." மறுநாள் லிஃப்டுக்குள்ளேயே ஒட்டினேன். அக்கா படித்துப் பார்த்தாள்.

"சரி சார்," என்றாள்.

அடுத்த பத்து நாள் லிஃப்ட் சாவு வீடு மாதிரி இருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூணாம் மாடிக் குட்டி மட்டும் முறைத்தாள். "நல்ல பேர் எடுத்திட்டீங்க, போங்க," என்றாள் என் மனைவி.

பதினோராம் நாள் ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்து பகல் மூன்றரைக்கே வந்துவிட்டேன். அக்காவும் நானும் மட்டும் ஏறிக்கொண்டிருந்தபோது, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. கதவைத் தட்டினேன், கத்தினேன். அக்கா உதட்டில் விரல் வைத்து என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள். காதைச் சுவரில் வைத்துக் கேட்டாள். பிறகு இண்டர்காமை எடுத்து வாட்ச்மேனிடம், "மோட்டார் நல்லா இருக்கு. பிரேக்கும் சரியா பிடிச்சிருக்கு. ஆறாம் மாடிக் கதவோட பூட்டுல காண்டாக்ட் விட்டிருக்கும்னு மெக்கானிக்கிட்ட சொல்லுங்க. நேரா அங்க போகட்டும்," என்றாள்.

அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். ஸ்டூலுக்கு அடியில் கிடந்த நோட்டை, வேறு வேலை இல்லாததால், எடுத்துப் புரட்டினேன். பிள்ளைகளின் மதிப்பெண் இருக்கும் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாக வார்த்தைகள். பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதியவை. அடித்து, திருத்தி, கீழே பத்துப் பத்துத் தடவை எழுதிப் பார்த்தவை. நடுவில் ஒரு ஹால் டிக்கெட். பத்தாம் வகுப்பு, தனித்தேர்வர், ஆங்கிலம் மட்டும்.

"யாருக்கும்மா இது?"

"எனக்குத்தான் சார். மத்த பாடம் எல்லாம் பாஸ். இங்கிலீஷ்ல நாலு தடவை போச்சு. எழுத்துக் கூட்டவே வராது. இந்தப் பசங்க ஏறும்போது சொல்லிச் சொல்லித்தான் மண்டையில ஏறிச்சு."

"இப்ப எதுக்கு பரிட்சை?"

"லிஃப்ட் மெக்கானிக் கோர்ஸ் ஒண்ணு இருக்கு சார். பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும், முப்பத்தஞ்சு வயசுக்குள்ள சேரணும். இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான்."

"எப்போ பரிட்சை?"

"இன்னும் அஞ்சு வாரம்."

மெக்கானிக் வந்து ஆறாம் மாடிக் கதவைத் திறந்து பார்த்தார். அவள் சொன்ன அதே இடம். பத்தே நிமிடத்தில் லிஃப்ட் நகர்ந்தது. வெளியே வருவதற்கு முன் என் கையாலேயே நோட்டீஸைக் கிழித்தேன். வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் ஒட்டிவிட்டேன், அதுவும் செயலாளர் என்று கையெழுத்து வேறு போட்டு.

அதன் பிறகு அந்த ஐந்து வாரமும் திருவிழாதான். விஷயத்தைப் பிள்ளைகளிடம் நானே உடைத்தேன். ஆளுக்கு ஒரு புத்தகத்தோடு வந்தார்கள். பெரியவர்களுக்கும் விலக்கு இல்லை என்றார்கள். என்னையும் சொல்ல வைத்து, ஐந்தாம் மாடியில் நான் கோட்டை விட்டதும், சந்தோஷமாகக் கீழே கூட்டிப்போனார்கள். நேரமாகிறது என்று புகார் சொல்ல வந்தவர்களைச் செயலாளர் என்ற முறையில் நானே கடித்து அனுப்பினேன்.

பரிட்சை நாளில் லீவு போட்டுவிட்டு அவள் ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். மதியம் வியர்க்க விறுவிறுக்க வந்தாள்.

"எப்படிம்மா?"

"பெரிய வார்த்தை வந்தப்போ எல்லாம் மேசைக்கு அடியில விரலால ஒவ்வொரு மாடியா அழுத்திக்கிட்டே போனேன் சார். மேற்பார்வைக்கு நின்ன டீச்சர், 'என்னம்மா தாளம் போடறே'ன்னு கேட்டாங்க."

முடிவு வெளியானது ஒரு விடுமுறை நாள். காலை பத்து மணிக்கு ஒன்பது பிள்ளைகள் லிஃப்டுக்குள். கையில் போனோடு நான். ஊரே ஒரே நேரத்தில் பார்த்ததால் ரிசல்ட் பக்கம் திறக்க மறுத்தது. இதற்கிடையில் ஆட்கள் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். வேலையை நிறுத்த அக்கா சம்மதிக்கவில்லை. லிஃப்ட் நகர்ந்தால் சிக்னல் போய்விடும். கதவு திறந்தால் திரையில் வட்டம் சுற்றும், கதவு மூடினால் நின்றுவிடும். இரண்டு, நான்கு, ஏழு. பன்னிரண்டில் கதவு திறந்தபோது பக்கம் வந்தது. கண்ணாடியை மறந்து வந்திருந்தேன். போனை மூணாம் மாடிக் குட்டியிடம் கொடுத்தேன். அக்கா பட்டன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆங்கிலம், ஐம்பத்தேழு," என்று படித்தாள் குட்டி. "பாஸ்னு போட்டிருக்கு அக்கா."

அப்புறம் லிஃப்டுக்குள் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. கீழ்த்தளம் வரைக்கும் ஒரே கூச்சல். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். கீழே வந்து நின்றதும் குட்டி அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இத்தனை நாள் நாங்கதான் சொன்னோம். இப்ப நீங்க சொல்லுங்க."

அக்கா எட்டை அழுத்தினாள். என்னை வீட்டில் விடப்போகிறாள் என்று நினைத்தேன். முதல் மாடியைத் தாண்டும்போது, "எம்," என்றாள். இரண்டில், "இ." மூன்றில், "சி." நான்காவது மாடி வருவதற்குள் பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. "எச். ஏ. என். ஐ." மெக்கானிக் என்ற அந்த வார்த்தையின் கடைசி எழுத்தைச் சொல்லும்போது விளக்கில் எட்டு வந்தது, கதவு திறந்தது. எதிரே வாசலில் என் மனைவி நின்றிருந்தாள்.

"இறங்குங்க சார், உங்க மாடி," என்றாள் அக்கா.

நான் இறங்கவில்லை.

"கீழ போம்மா," என்றேன். "முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லு."