வெள்ளைச் சாம்பல் செய்த பிழை

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு மேல்மாடிக்கு நேற்று கொங்கிறீட் போட்டார்கள். ஈரச் சீமெந்தின் வாசம் ஜன்னல் வழியே வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் தேநீர்க் கோப்பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். என் இருபத்தைந்து வயதுக்கு அந்த வாசம்தான்.

அப்போது பேராதனைப் பக்கம், தகரக் கூரை போட்ட ஓர் ஆய்வுகூடத்தில் நானும் ரஞ்சனியும் உதவியாளர்கள். அவள் யாழ்ப்பாணம், நான் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நெல் உமியை எரித்த சாம்பலைச் சீமெந்தில் கலந்து, மலிவாக வீடு கட்டலாமா என்று பார்ப்பது எங்கள் ஆய்வு. தோட்டத் தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறையில் பிறந்தவளுக்கு அது வெறும் வேலையா, சொல்லுங்கள். உமி எரிப்பது என் பொறுப்பு. சாம்பல் பால்போல் வெளுக்கும்வரை உலையின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போவேன். வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஆறு மாதமாக வார்த்த சோதனைக் கட்டிகளெல்லாம் அழுத்தும் இயந்திரத்தில் பிஸ்கட்டாக நொறுங்கின. ஆய்வை நிறுத்த வேண்டிவரும் என்றார் பேராசிரியர். ரஞ்சனியின் ஆய்வுப் பட்டமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாகச் சாம்பலை எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்தோம். பேனா தாளில் கூர்கூராகச் சிகரங்கள் வரைந்தது.

"எங்க ஊரு மலை மாதிரியே இருக்கு!" என்று பூரித்தேன்.

ரஞ்சனி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுதான் பிழையடி. கூர் இருந்தா படிகம். சாம்பல்ல இருக்கிற சிலிக்கா படிகமாப் போனா, சீமெந்தில இருக்கிற சுண்ணாம்போட லேசில சேராது. இது தாழ்ந்த மேடு மாதிரி வந்திருக்கவேணும். நீ கூடின சூட்டில எரிச்சுப்போட்டாய்."

எனக்கு அழுகை முட்டியது. "என்னாலதான்னு சார்கிட்ட சொல்லிடுறேன்."

"உனக்கென்ன விசரே? ரெண்டு பேரும்தான் கவனிக்கேல்லை. வா, போய்ச் சொல்லுவம்."

பேராசிரியர் கேட்டுவிட்டு, "இன்னுமொரு தரம் செய்யுங்க" என்றார்.

இம்முறை சூட்டைக் குறைத்தேன். சாம்பல் அழுக்குச் சாம்பல் நிறத்தில் வந்தது, பார்க்கவே பிடிக்கவில்லை. வார்த்த கட்டிகள் இருபத்தெட்டு நாள் தண்ணீரில் கிடந்தன. மீன் வளர்ப்பவர்கள்போலத் தினமும் தொட்டியை எட்டிப் பார்த்தோம். சோதனை நாளில் இயந்திரத்தின் முள் பழைய கட்டிகள் உடைந்த இடத்தைத் தாண்டியது; வெறும் சீமெந்துக் கட்டி உடைந்த இடத்தையும் தாண்டியது. பிறகுதான் 'படார்'. ரஞ்சனி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

அவள் பட்டம் வாங்கி ஊருக்குப் போய் இப்போது அங்கே படிப்பிக்கிறாள். எக்ஸ்-கதிர்க் கருவியில் இப்போது தாளில் கீறும் அந்தப் பேனா இல்லை; கணினி நொடியில் படிகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறது. போன மாதம் அந்தத் தகரக் கொட்டகையையும் புதுக் கட்டடத்துக்காக இடித்தார்கள். அன்று தேறிய உமிச்சாம்பல் கலவையில் மிஞ்சியதைக்கொண்டு நாங்கள் அதன் வாசலுக்கு இரண்டு படி கட்டியிருந்தோம். அதுவும் போய்விட்டது என்று ரஞ்சனிக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"ஐயோ, உடைச்சுப்போட்டாங்களே?"

"ஒடச்சிட்டாங்க. கூரை, சுவரெல்லாம் காலையிலேயே முடிஞ்சிருச்சு. அந்த ரெண்டு படிக்குத்தான் பொழுது சாயுற வரைக்கும் அடிச்சாங்க."

அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.