பொட்டு ஒட்டிய போர் வரைபடம்

நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. சின்ன வயதில் தீபாவளிக்கு ரோல் கேப் வெடித்ததோடு சரி, அதற்கும் ஒரு காதைப் பொத்திக்கொள்வேன். ஆனாலும் கடல் தாண்டி இலங்கையில் நடந்த போரின் கடைசி வருடங்களில், திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றுக்குக் கீழே இருந்த டீக்கடையில் நான்தான் தலைமைத் தளபதி. பதவியை யாரும் கொடுக்கவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கடையின் பக்கச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தோம். பள்ளிக்கூடப் படத்தைப் பெரிதாக்கி, நான்கு தாளாக ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியது. ஒட்டிய இடத்தில் ஒரு குளமும் இரண்டு ஊர்களும் மடிப்புக்குள் போய்விட்டன. அந்தக் குளத்தைச் சுற்றிச் சண்டை நடந்த வாரத்தில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். குளம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியே இரண்டு நாள் பேசினோம். நாங்கள் எட்டுப் பேர், எல்லோரும் ஏதாவது ஒரு பரீட்சைக்குப் படிக்க ஊரிலிருந்து வந்தவர்கள். பரீட்சையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் படித்தோம்.

குண்டூசி குத்தினால் சுவர் பெயர்கிறது என்று டீ மாஸ்டர் சண்டைக்கு வந்ததால், ஒட்டுப் பொட்டு வாங்கினோம். சிவப்பு நிறம், அட்டை அட்டையாக. இயக்கத்தின் கையில் எந்த ஊர் இருக்கிறதோ அங்கே ஒரு பொட்டு. பக்கத்தில் பால் பாயிண்ட் பேனாவால் தேதி. அந்த ஊர் அன்றைக்கும் கையில் இருந்தால் மறுநாள் தேதியையும் கீழே எழுத வேண்டும். அது என் வேலை. எதிர்த் தரப்புக்கு நாங்கள் பொட்டே வாங்கவில்லை. வாங்கத் தோன்றவும் இல்லை.

ஒருநாள் காலை பேப்பரில் ஓர் ஊர் விழுந்த செய்தி வந்தது. நேர்மையான தளபதியாக நான் நகத்தால் அந்தப் பொட்டைக் கிளப்பப் போனேன். டீ மாஸ்டர் பாய்லருக்குப் பின்னால் இருந்து ஓடி வந்தார்.

"இன்னா நைனா பண்ற? பொட்ட எட்க்காத."

"ஊர் போயிடுச்சு மாஸ்டர். பேப்பர்ல போட்டுக்கீறான்," என்றேன். நானும் அப்போது அந்தப் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தேன்.

"பேப்பர்காரன் ஆயிரம் சொல்வான். ஒரு தபா வச்ச பொட்ட எட்த்தா இன்னா அர்த்தம்னு உனுக்குத் தெரியாதா? கடைக்கு ஆவாதுபா. வூட்ல பொம்பளைங்க கீறாங்க."

எட்டுப் பட்டதாரிகளும் ஒரு வாய் டீயைக் குடித்துவிட்டு, அது பின்வாங்கல் இல்லை, தந்திரம் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, எங்களுக்கு மீசையும் சரியாக முளைத்திருக்கவில்லை. அன்றிலிருந்து பொட்டை எடுப்பதில்லை என்று ஆனது. பொட்டு இருக்கும்போது தேதி எழுதாமல் விட்டால் படம் மொட்டையாகத் தெரிந்தது. அதனால் தேதியையும் எழுதினேன், தினமும், அழகான கையெழுத்தில்.

போர் முடிந்தது. அந்த வாரம் நான் பேனாவைத் தொடவில்லை. பிறகு சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். வரைபடத்தைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார் மாஸ்டர். எனக்கு நந்தனத்தில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, கொட்டிவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டும் வந்தது. படம் பரணுக்குப் போனது. தளபதி மட்டும் பரணுக்குப் போகவில்லை.

தீபாவளிக்குத் துணி எடுக்க தி. நகருக்குப் போனால், ரங்கநாதன் தெருவில் முன்பக்கமாக நுழைவது தற்கொலை, ரயில் நிலையப் பக்கமாகப் போய்ப் பின்னாலிருந்து வளைக்க வேண்டும் என்பேன். தண்ணீர் லாரி வந்தால் எந்தக் குடம் எங்கே நிற்க வேண்டும் என்று மாடியிலிருந்து கட்டளை பறக்கும். "கீழ இறங்கி ஒரு குடம் தூக்கினா போரே முடிஞ்சிடும்," என்பாள் என் மனைவி. குடியிருப்புக் கூட்டத்தில் யாராவது சிக்கினால், அந்தப் போரை நாள்வாரியாக வரைபடத்தில் குறித்தவன் நான் என்று ஆரம்பித்துவிடுவேன். எந்த நாளைக் கேட்டாலும் சொல்வேன் என்றும் சொல்லியிருக்கிறேன். யாரும் எந்த நாளையும் கேட்டதில்லை.

போன வருடம் ஒருவர் கேட்டார்.

எங்கள் மேல் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் வன்னியிலிருந்து வந்த பெண். ரவிக்கை தைத்துக் கொடுப்பார், என் மனைவிக்கு நல்ல பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கையில் ஒரு கோப்போடு வந்து நின்றார்.

"அண்ணை, நீங்கள் சண்டை நேரம் ஒவ்வொரு நாளும் மேப்பில குறிச்சு வச்சனீங்கள் எண்டு உங்கட மனுசி சொன்னவ. உண்மையே?"

உண்மையா என்று கேட்டதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. உட்காரச் சொன்னேன். அவர் விஷயத்தைச் சொன்னார். அவருடைய தம்பி அந்தப் போரின் முடிவில் காணாமல் போனவன். அம்மா வவுனியாவில் இருக்கிறார், இத்தனை வருடமாக மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அம்மா சொல்வது இதுதான். பரந்தனுக்கும் புதுக்குடியிருப்புக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு பள்ளிக்கூடம். ராணுவம் பொடியன்களுக்குத் தனி வரிசை போட்டிருந்தது. அம்மாதான் அவன் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த வரிசையில் விட்டார். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அந்தத் தேதி மறக்கவே இல்லை. ஆனால் கடைசி விசாரணையில் அதிகாரி ஒருவர், அந்தத் தேதியில் ராணுவம் அந்த ஊருக்கு வரவே இல்லை, அம்மா தவறாகச் சொல்கிறார் என்று சொல்லிவிட்டாராம்.

"அண்டைக்கு அந்த ஊர் ஆற்ற கையில, ஆமியிட்டயோ இயக்கத்திட்டயோ, இருந்தது எண்டு பாத்துச் சொல்லுவியளோ?"

ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தை இறக்கினேன். தூசி தட்டி, சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் எவர்சில்வர் டம்ளர் வைத்தேன். பொட்டெல்லாம் வெளிறியிருந்தாலும் ஒட்டியே இருந்தன. ஊரைக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் வரிசையாகத் தேதிகள். விரலை வைத்துக் கீழே கொண்டுவந்தேன். அம்மா சொன்ன நாள் அங்கே இருந்தது, மசி கலையாமல்.

"இயக்கத்தின் கையில்தான் இருந்திருக்கு," என்றேன். என் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் குனிந்து அந்த எழுத்தையே பார்த்தார். "அப்ப அம்மாவுக்குத்தான் நாள் பிழைச்சுப்போச்சு போல," என்றார் மெதுவாக. போனில் படம் எடுத்துக்கொண்டார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் பேச மாடிக்குப் போய்விட்டார்.

நான் டம்ளர்களை எடுத்துவிட்டுப் படத்தைச் சுருட்ட ஆரம்பித்தேன். பாதி சுருட்டும்போது கிளிநொச்சி கண்ணில் பட்டது. அங்கேயும் தேதிகள் இறங்கிக்கொண்டே போயின. கிளிநொச்சி எப்போது விழுந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அன்று டீக்கடையில் ஒருவன் அழுதான். தேதிகள் அந்த நாளைத் தாண்டி, அந்த மாதத்தையும் தாண்டி, படத்தின் ஓரத்தில் இடமில்லாமல் வளைந்து போயிருந்தன. அத்தனையும் என் கையெழுத்து.

பொட்டை எடுக்காத கதை எனக்கு மறந்தே போயிருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வருடக் கணக்கில் பெருமை பேசிப் பேசி, நானே அந்தப் படத்தை நம்பியிருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

"நாளைக்குச் சொல்றேனே. என்ன நினைப்பாங்க?"

"உங்கள என்ன நினைச்சா என்ன? அந்தம்மா பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சு இல்ல?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனாலும் நான் அன்று போகவில்லை. வெட்கம்தான், வேறு காரணம் இல்லை. மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மாடி ஏறினேன். தையல் மிஷினுக்கு முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பொட்டு, மாஸ்டர், தந்திரம் என்று நாங்கள் முடிவு செய்தது, எல்லாம். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று எனக்கே கேட்டது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"அப்ப அண்டைக்கு ஆமி அங்க நிண்டிருக்கும்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. எங்க படம் பொய். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். உங்க அம்மா சொன்னத இந்தப் படத்த வச்சுத் தப்புன்னு சொல்ல முடியாது."

அவர், "இதை நீங்களே அம்மாவுக்குச் சொல்லுங்கோ அண்ணை. நான் சொன்னா நம்பமாட்டா," என்று நம்பரைப் போட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

எதிர்முனையில் நிதானமான குரல். நான் யார் என்று சொன்னேன். அம்மா, நேற்று உங்கள் மகளுக்குக் காட்டிய படம் தவறு, அது எங்கள் ஆசைக்கு எழுதியது, உங்கள் ஞாபகம்தான் சரியாக இருக்கும், எங்களை மன்னித்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நல்ல செய்தியைத்தான் சொல்கிறோம் என்று எனக்கு நினைப்பு.

அந்த அம்மா சொன்னார்.

"நேற்று மகள் மேப்பைப் பற்றிச் சொன்னவ, தம்பி. அப்ப நான் அவனைக் கையில பிடிச்சு ஆமியிட்ட குடுக்கேல்லை, சனத்துக்குள்ள எங்கையோ தவறவிட்டிட்டன் எண்டு நினைச்சன். எத்தினையோ வருசத்துக்குப் பிறகு நேற்றுத்தான் விடியுமட்டும் நித்திரை கொண்டனான்."

நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"அது பறவாயில்லை," என்றார். "மகளை மனுவில நாள் சரிதான் எண்டு எழுதச் சொல்லுங்கோ. நான்தான் குடுத்தனான்."