நீலப் புள்ளி வைத்த ரப்பர் கை

தேவசகாயம் சார் போய்விட்டார் என்ற செய்தி, அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்த நேரத்தில் வந்தது. அவருடைய மகள்தான் அடிவாரத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போன் செய்தாள். "அப்பா நேத்து தவறிட்டாருங்க சிஸ்டர். தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள். சொல்ல வேண்டிய ஆறுதலைச் சொன்னேன். அழுது ஓய்ந்ததும், ஜெபக் கூட்டத்தன்று கொடுக்க ஒரு நினைவு மலர் போடுவதாகவும் அதில் நானும் எழுத வேண்டும் என்றும் கேட்டாள். "அந்தக் கையைப் பத்தி எழுதுங்க. அப்பா அதைப் பத்தி நொம்பப் பெருமையாச் சொல்லிக்கிட்டே இருப்பாருங்க."

"எழுதறேன் கண்ணு. ஆனா நடந்ததைத்தான் எழுதுவேன்" என்றேன். "அதுதாங்க வேணும்" என்றாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது, பாவம்.

இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். மற்ற பக்கங்களில் அவரை ஆலமரம் என்றும் கலங்கரை விளக்கம் என்றும் எழுதியிருப்பார்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் அவர் முதுகைத் திருப்பியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தவள்தான். ஆகவே எனக்கு மரமும் வரவில்லை, விளக்கும் வரவில்லை.

ஏற்காட்டில் எங்கள் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் பள்ளிக்கு அவர் பிரின்சிபாலாக வந்தது எழுபதுகளின் கடைசியில். அவர் நர்ஸ் இல்லை. உடற்கூறு பாடம் எடுப்பார், படம் அழகாகப் போடுவார், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவார், நிர்வாகத்தாருக்கு வேண்டியவர். அது போதும் என்று நிர்வாகத்தார் நினைத்தார்கள். நான் அப்போது செய்முறை வகுப்பு எடுக்கும் சிஸ்டர். அவர் வார்டுக்குள் வந்து ஒரு நோயாளியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று, "எல்லாம் நீட்டா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஊசி போட்டுப் பழகுவதற்கான அந்த ரப்பர் கை வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. வெளிநாட்டிலிருந்து யாரோ புண்ணியவான்கள் மரப்பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். படுக்கை விரிக்கப் பழகுவதற்காக எங்களிடம் ஏற்கெனவே ஆள் உயரத்தில் ஒரு பொம்மை நோயாளி இருந்தது. அதன் தோளிலிருந்து பழைய கையைக் கழற்றிவிட்டு இதைத் திருகி மாட்ட வேண்டும். உள்ளே கெட்டியான கை. அதில் வாய்க்கால் மாதிரி பள்ளங்கள். பள்ளங்களில் ரப்பர்க் குழாய்களை நரம்பு போகிற வழியிலேயே பதித்து, பவுடர் தூவி, மேலே ரப்பர்த் தோலைக் காலுறை போல இழுத்துவிட வேண்டும். குழாயின் ஒரு முனை ஸ்டாண்டில் தொங்கும் சிவப்புத் தண்ணீர்ப் பைக்கு, மறு முனை கீழே பாட்டிலுக்கு. காற்றுக் குமிழி போனதும் கீழ்க் குழாயைக் கிளிப்பால் மூடிவிட்டுத் தடவினால், நரம்பு புடைப்பது விரலுக்குத் தெரியும். நல்ல பொருள், அதில் சந்தேகமே இல்லை. பழகி முடிந்ததும் தண்ணீரை வடித்து உலர்த்தி வைக்க வேண்டும் என்று அதோடு வந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

தேவசகாயம் சார் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அதில் எழுதியிருந்ததை மட்டும் செய்யவில்லை.

மே மாதம் ஏரியில் படகு விட வருகிற கூட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு நன்கொடை தரக்கூடியவர்களும் வருவார்கள். அவர்களைப் படகுத்துறையிலிருந்தே அழைத்துவந்து கையைக் காட்டுவது அவர் வழக்கம். "வந்தவங்க கண்ணுக்கு ரத்தம் தெரியணும் கமலா" என்பார். அதற்காகப் பையை ஸ்டாண்டில் மாட்டாமல் கூரைக் கொக்கியில் மாட்டச் சொன்னார். அந்த உயரத்தின் வேகத்தில், ஊசி நுழைந்ததும் சிவப்புத் தண்ணீர் பீச்சியடிக்கும். பெண்மணிகள் "ஐயோ" என்பார்கள், சாருக்கு முகம் மலரும். பார்வையாளர் எப்போது வருவாரோ என்று தண்ணீரை வடிக்கவும் விடவில்லை. நம் மலைக் குளிரில், மூட்டத்தில், ஒரே மாதத்தில் குழாய்க்குள் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. ஏணி போட்டு ஏறிப் பையை மாட்டியவள் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "இது சரியில்லீங்க சார்" என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

ஒருநாள் அவர் ஊசி போட்டுக் காட்டும்போது ரத்தம் வரவில்லை. வந்திருந்தவர் நாசூக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் சார் என்னை ஒரு ஊசி போடச் சொல்லி, அது சரியாக இறங்கிய இடத்தில், முழங்கை மடிப்புக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி, தன் பேனாவால் ஒரு நீலப் புள்ளி வைத்தார். அன்றிலிருந்து யார் போட்டாலும் அந்தப் புள்ளியில்தான் போட வேண்டும். "வேற இடத்துல குத்தித் தோலைப் பாழாக்காதீங்க" என்பது உத்தரவு. மாற்றுத் தோல்கள் இரண்டு வந்திருந்தன. அவை அவருடைய பீரோவில் பூட்டிக் கிடந்தன. மாணவிகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் கை கிடைக்கும். வரிசையாக வந்து புள்ளியில் குத்துவார்கள், பீச்சியடிக்கும், எல்லோருக்கும் முழு மதிப்பெண். குத்திக் குத்தி அந்த இடம் ஓட்டையாகிவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் போடலாம். இதைத்தான் நவீனப் பயிற்சி என்று ஆண்டறிக்கையில் எழுதினார்.

ஜெயாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். செம்மநத்தம் என்ற மலைக் கிராமத்திலிருந்து நர்சிங் படிக்க வந்த முதல் பெண். அவள் அப்பாவுக்குப் படிப்பில் நம்பிக்கை இல்லை. தேறாமல் திரும்பினால் தை மாதமே மாமனுக்குக் கட்டிவைப்பதாகச் சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டிருந்தார். அந்த மாமனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி. ஜெயா இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் பழனியம்மாள் என்ற பெண்ணை வாந்தி பேதி என்று ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தார்கள். டாக்டர் சேலத்துக்குப் போயிருந்தார். வார்டில் ஜெயாவும் ஒரு ஆயாவும் மட்டும். உடனே ட்ரிப் ஏற்ற வேண்டும். ஆயா வகுப்புக்கு ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள்.

நான் போனபோது ஜெயா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பழனியம்மாளின் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தேன். வலது கையில் நான்கு குத்து, இடது கையில் மூன்று. ஏழும் ஒரே இடத்தில், முழங்கை மடிப்புக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி. அந்த ஏழும் பிரின்சிபால் வைத்த புள்ளிகள்.

பழனியம்மாளின் புருஷன் கட்டில் காலடியில் நின்றிருந்தார். கோபப்படக்கூடத் தெம்பில்லாத மனிதர். "ஏனுங்க சிஸ்டர், மாட்டுக்கு ஊசி போடறவருகூடத் தடவிப் பாத்துட்டுத்தானுங்க போடுவாரு. இந்தக் கண்ணு தடவவே இல்லீங்க" என்றார். முப்பது பக்க ஆண்டறிக்கையில் இல்லாத விஷயத்தை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, புறங்கையில் விரலால் தேடினேன். நூல் மாதிரி ஒரு நரம்பு அகப்பட்டது. ரத்தம் பீச்சியடிக்கவில்லை, ஒரு துளி எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான் வரும். பழனியம்மாள் பிழைத்தாள், நான்காம் நாள் ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

தேவசகாயம் சார் கேட்டது பழனியம்மாளைப் பற்றி அல்ல. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் நிர்வாகத்திடம் புகார் சொல்லிவிட்டார் என்பதுதான் அவருக்குப் பெரிய விஷயம். "ரப்பர் கையில நூத்துக்கு நூறு வாங்கின பொண்ணு. வார்டுல கை நடுங்கியிருக்கு. தைரியம் இல்லாதவளை நாம வச்சுக்க முடியாது. வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். கடிதம் டைப் ஆகி மேசையில் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. ஜெயா ஹாஸ்டலில் டிரங்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் பொறுங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் கிளார்க்கிடம் பீரோ சாவியை வாங்கினேன். சார் கேட்டால் நான்தான் பிடுங்கிக்கொண்டேன் என்று சொல்லச் சொன்னேன். பழைய தோலை உரித்தேன். உள்ளே செத்த எலி வாடை. குழாய்களை உருவி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் பதித்தேன். வேண்டுமென்றே நரம்பைக் கொஞ்சம் ஓரமாக ஓடவிட்டேன், ஆளுக்கு ஆள் அப்படித்தானே ஓடுகிறது. புதுத் தோலை இழுத்துவிட்டேன். அதில் புள்ளி இல்லை. கூரைக் கொக்கியிலிருந்து பையை இறக்கி ஸ்டாண்டில், பொம்மையின் தோளுக்கு ஒரு சாண் உயரத்தில் மாட்டினேன்.

மறுநாள் சாரையும் ஜெயாவையும் அந்த அறைக்குக் கூப்பிட்டேன். "சார், நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. அப்புறம் அந்த லெட்டர்ல கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். கண் புள்ளியைத் தேடியது. இல்லாத இடத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, மடிப்புக்குக் கீழே இரண்டு விரல் அளந்து குத்தினார். வரவில்லை. இன்னும் நான்கு தடவை குத்தினார். ஐந்தும் ஒரே இடத்தில்! "தண்ணி ஊத்தலையா?" என்றார். நான் பொம்மையின் மணிக்கட்டுக்கு மேலே தடவி ஒரே ஊசியில் எடுத்துக் காட்டினேன். ஜெயா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கை பழுதாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கடிதத்தில் கையெழுத்தும் போடவில்லை, அதைக் கிழிக்கவும் இல்லை. ஒரு வாரம் மேசை டிராயரில் வைத்திருந்தார். அந்த ஒரு வாரமும் ஜெயா வார்டுக்குப் போகக் கூடாது, ஊருக்கும் போக வேண்டாம் என்றார். கோழைக்கு முடிவு எடுக்கத் தெரியாது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் அவரை வாய் விட்டே திட்டினேன், ஸ்டாஃப் ரூமில் எல்லோர் காதிலும் விழும்படி.

பிறகு நடந்தவற்றில் ஊருக்குத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். ஜெயா படிப்பை முடித்தாள், அரசு வேலைக்குப் போனாள், மாமனுக்குக் கழுத்தை நீட்டவில்லை. தேவசகாயம் சார் அடுத்த மே மாதமே பார்வையாளர்களிடம், "புள்ளி வைக்காமப் பழக்கறது என்னோட யோசனைங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார், வெட்கமே இல்லாமல். ஓய்வு பெறும் விழாவிலும் அதையே சொன்னார், கை தட்டினார்கள். இந்த மலரிலும் யாராவது அதை எழுதியிருப்பார்கள். பொய்.

இனி, அன்று வகுப்பில் இருந்தவர்கள் மட்டும் பார்த்தது, அதிலும் ஒரு பாதி என் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. அந்த வாரம் முடிந்த திங்கட்கிழமை நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். பொம்மைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். மயிரில்லாத, வெளுத்த, பூசின கை. நரம்பு வெளியே தெரியாத கை. "ஜெயா, வா. என் கையில போடு. சரியாப் போட்டா வார்டுக்குப் போ" என்றார். இதுவும் ஒரு வேடிக்கைக் காட்சி என்றுதான் நான் நினைத்தேன்.

கட்டுவதற்காக ரப்பர்க் குழாயை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அவர் கை சில்லென்று வியர்த்திருந்தது, விடாமல் நடுங்கியது. எனக்கு மட்டும் கேட்கும்படி, "கமலா, வலிக்குமா?" என்றார்.

இத்தனை வருடம் நர்சுகளுக்குப் பாடம் எடுத்தவர் கேட்ட கேள்வி அது. ஊசி என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் போல. இவ்வளவு காலமும் வார்டு வாசலைத் தாண்டாததற்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது. "வலிக்குங்க சார்" என்றேன்.

அந்த வாரம் முழுக்கப் புள்ளியில்லாத புதுத் தோலில் பழகியிருந்த ஜெயா தடவித் தடவித் தேடினாள். வெகு நேரம் தேடினாள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார், உதடு ஏதோ ஜெபத்தை முணுமுணுத்தது, கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. ஊசி முதல் தடவையிலேயே நரம்பில் இறங்கியது. கண்ணைத் திறந்தவர், "பஞ்சைச் சரியா அழுத்தலை" என்று அவளிடம் குறை சொல்லிவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

சாரோடு நான் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதில் அவரை நான் மதித்தது அந்தப் பத்து நிமிடம்தான். ஆலமரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பயந்து நடுங்கிக்கொண்டே அந்தப் பெண்ணுக்காக நீட்டிய அந்தக் கை எனக்கு.