செமேசாவின் புருவம்

தவேயுனித் தீவில் ஊர்த்தலைவரின் வாயாக இருப்பதுதான் செமேசாவின் வேலை. கல்யாணமோ சாவோ, தலைவர் பக்கத்தில் சப்பணமிட்டு அமர்ந்து அவருக்காகச் சபையில் பேசுவார். பேச்சு முடிவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவரை இணையப் பெட்டி ஒன்று ஊமையாக்கியது.

அன்று மகள் அலுமிதாவுக்கு பிரிஸ்பேனில் கல்யாணம். விமானத்துக்கு வசதியில்லை, அப்பா திரையில் முகம் காட்டி ஆசி சொல்வதாக ஏற்பாடு. புதுச் சட்டை போட்டு, தலைவாரி உட்கார்ந்தால், பெட்டியில் சிவப்பு விளக்கு.

பொத்தான் போனில் உதவி எண்ணை அழைத்தார். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடி, ஒருவழியாக ஒரு பெண் வந்தாள்.

"பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?"

செமேசா புருவத்தை உயர்த்தினார். தீவில் 'ஆமாம்' என்பதற்கு அது போதும்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

இன்னும் நன்றாக உயர்த்தினார். இணைப்பு போய்விட்டது.

மறுபடி அழைத்தால் வேறொருவன். பெயர், பிறந்த தேதி, ஆஃப், ஆன் என்று முதலிலிருந்து. மறுபடி புருவம், மறுபடி துண்டிப்பு.

"மரியாதை தெரியாதவங்க. பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன், போனை வச்சிடறாங்க" என்று மனைவி மெரேயிடம் பொருமினார்.

மெரே கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புருவத்தைத்தானே தூக்கினீங்க? அது போன்ல கேக்குமா?"

"ஊருக்கே வாய் நான். எனக்கொரு வாய் இருக்கறது எனக்கே மறந்துபோச்சு பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த முறை கேள்வி முடியும் முன்பே 'ஆமா, ஆமா' என்று கத்தினார்.

"அடுத்த வாரம் ஆள் வருவாங்க சார். எங்க சேவை திருப்தியா இருந்துச்சா?"

அதற்கு மட்டும் அவர் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை.

வேறு வழியின்றி அலுமிதா அதே பொத்தான் போனுக்கு அழைத்தாள். அப்பா முகத்தைப் பார்க்க முடியாத வருத்தத்தில் அவள் குரல் கம்மியிருந்தது. அதைக் கேட்டதும் செமேசா தயார்செய்து வைத்திருந்த நீளப் பேச்சு முழுக்க மறந்துபோனது.

பிரிஸ்பேன் தேவாலயத்தில் போதகர் அவள் போனைச் சபை முழுக்கக் கேட்கும்படி வைத்து, "இந்தக் கல்யாணத்துக்கு உங்க சம்மதம் உண்டாய்யா?" என்று கேட்டார்.

சபை காத்திருந்தது. மெரே அவர் விலாவில் இடித்தாள்.

அதற்குள் அந்தப் பக்கம் மகளின் குரல் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது.

"அப்பா புருவத்தைத் தூக்கிட்டார், பாஸ்டர். நீங்க நடத்துங்க."