விசில் இல்லாத வண்டி

டவுன் பஸ்சுக்கும் எனக்கும் ஜென்மப் பகை. பாகாயத்திலிருந்து காட்பாடி போகும் பஸ்சில் கண்டக்டரோடு நான் மல்லுக்கு நிற்காத நாள் குறைவு. வேலூரில் ஷேர் ஆட்டோ வந்த புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கை காட்டினால் நிற்கும், சொன்ன இடத்தில் இறக்கிவிடும். நான் அப்போது நர்ஸ். இனி பஸ் படியை மிதிக்கவே மாட்டேன் என்று வார்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அன்று எனக்கு விடுமுறை. ஒரு வயதுகூட நிறையாத மகளைத் தூக்கிக்கொண்டு காட்பாடியில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். வாசலோரம் பாதி சீட்டுதான் கிடைத்தது. உள்மூலையில் இருந்த நடுவயது அம்மாள் ஒருவர் கை நீட்டினார், குழந்தையைக் கொடுத்தேன். பஸ்சில் நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையையும் பிள்ளையையும் கொடுப்பது எங்களுக்கு அன்றாட வழக்கம். யோசிக்கவே இல்லை, பாவி.

கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவில் உள்ளேயிருந்த பெரியவர் இறங்க வேண்டும் என்றார். வழிவிடுவதற்காக நான் இறங்கி நின்றேன். அவர் இறங்கியதும் வண்டி போய்விட்டது. அவரோடு நானும் இறங்கிவிட்டேன் என்று டிரைவர் நினைத்திருக்க வேண்டும். நான் கத்தியது அந்த டீசல் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? பஸ் என்றால் கண்டக்டர் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதுவார். அப்படியே போனாலும் எங்கே போகும் என்று தெரியும்.

ஓடினேன். முன்னால் போன வண்டிகளெல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அங்கே நின்றிருந்த இன்னொரு ஷேர் ஆட்டோக்காரரிடம் போய் அழுதேன். அவர் வண்டி நம்பர் கேட்டார். நம்பர் பார்த்துவிட்டா ஏறுகிறோம்? காட்பாடிக்கு ஏறினேன் என்று மட்டும் சொன்னேன்.

"நீ எறங்கிட்டன்னு நெனச்சிருந்தா காட்பாடி பக்கமே போயிருக்க மாட்டான்மா. மீதி ஆளுங்க எங்க சொல்றாங்களோ அங்க போவான்."

சத்துவாச்சாரிப் பக்கம் போயிருக்குமா, பாலாற்றுப் பாலம் பக்கமா? ஒரு பக்கம் ஓடினால் மறுபக்கமாக வண்டி திரும்பி வந்துவிடுமோ என்று நகரவும் பயம். பரமண்டல ஜெபம் முதல் வரிக்கு மேல் வாயில் வரவில்லை. பிள்ளையை வாங்கியவரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. சேலை நிறம்கூட வரவில்லை. முகம் பார்க்காமலா பெற்ற பிள்ளையைக் கொடுத்தேன்?

அரை மணி நேரம் இருக்கும். எதிர்த் திசையிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மூலையில் அதே அம்மாள், அவர் தோளில் என் மகள். பெரியவரைத் தவிர ஏறியிருந்தவர்கள் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். ஒருவர்கூடத் தன் இடத்தில் இறங்கியிருக்கவில்லை. டிரைவரைத் திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள் கீழே இறங்கினார். குழந்தையைத் தரவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போலீஸ் ஸ்டேஷன் வரிக்கும் போய்ட்டு, மனசு கேக்காம திரும்பி வந்தோம். பொட்டப் புள்ளன்னு வேணும்னே உட்டுட்டு எறங்கிட்டியோன்னு நெனச்சேன்."

ஊரையே வாயால் வளைக்கிற நான் கைகளை நீட்டியபடி நின்றேன். அவர் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை என்னிடம் தாவிய பிறகுதான் பிடியை விட்டார்.