வென்ட்வேர்த்வில் சிக்னலில் ஒரு யூ-டர்ன்

மெல்போர்னிலிருந்து சிட்னிக்குக் குடிவந்த புதிது. வென்ட்வேர்த்வில் சிக்னலில் பச்சை விழுந்ததும் யூ-டர்ன் அடித்தேன். குறுக்குத் தெருவில் சிவப்புக்கு நின்றுவிட்டு இடப்பக்கம் திரும்பிய வெள்ளைக் கார் ஒன்று, என்னை உரசாத குறையாக பிரேக் போட்டது. கண்ணாடியை இறக்கி, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினேன். தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். அதுவும் தெருவுக்குத் தெரு தமிழர்கள் இருக்கும் வென்ட்வேர்த்வில்லில்!

லைசென்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் பக்கத்தில் இருந்தாள். "அப்பா, அவங்க நின்னு பாத்துட்டு சிவப்புல திரும்பலாம், போர்டு இருக்கு. மெல்போர்ன் மாதிரி இல்ல, இங்க போர்டு இருந்தாதான் சிக்னல்ல யூ-டர்ன். நம்ம பக்கம் அந்த போர்டு இல்ல."

மளிகைக் கடை முன் வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

கடை வாசலில் அதே வெள்ளைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய யாழ்ப்பாணத்து அன்ரி நேராக என்னிடம் வந்தார். "குறை நினைக்காதேங்கோ தம்பி, நான் வடிவாப் பாக்கேல்லை."

தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது.

"பரவாயில்ல ஆன்ட்டி, இனிமே பாத்து ஓட்டுங்க" என்றேன்.

வீடு திரும்பும்போது மகள் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.