அப்பாவின் இங்கிலாந்து சைக்கிள்

நீடாமங்கலத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். அதன் டாங்கில் இருந்தது அப்பாவின் சைக்கிளில் இருந்த அதே இங்கிலாந்து கம்பெனி முத்திரை.

எனக்குச் சின்ன வயசு. தேர்தலில் புது ஆட்சி வந்தும் கூலித் தகராறு ஓயாத வருஷம் அது. அப்பா விவசாயக் கூலிகளின் சங்கத்துக்காக அந்த சைக்கிளில்தான் ஊர் ஊராகப் போவார். ஒருநாள் என்னை முன்னால் உட்காரவைத்து ஓட்டி வந்தபோது மிராசுதாரின் ஆட்கள் மறித்தார்கள்.

"எங்க தெருவுல இறங்கி நடந்து போடா."

"வழி விடுங்க" என்றார் அப்பா, இறங்கவில்லை. எங்களைக் கீழே தள்ளி, சைக்கிளைக் கடப்பாரையால் முறித்தார்கள்.

சைக்கிள் கடை பாய் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுக்குச் சாமான் கிடைக்காதுண்ணே. அங்க கம்பெனியையே மூடிட்டாங்க."

மறுநாள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அதே தெரு வழியாக நடந்தார். யாரும் மறிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அப்பா அழுதுகொண்டே நடந்தார். ஏன் என்பது பல வருஷம் கழித்தே புரிந்தது. அந்த ஆட்கள் கேட்டிருந்ததும் அவர் நடப்பதைத்தானே.